சூசன்னாவும் சபையாரும்

ஒரு பெண்ணின் நற்பெயரைக் குலைப்பதற்கு இரண்டு நாவுகள் போதும். குலைந்ததை மீட்பதற்கோ நெடிய விசாரணை வேண்டும். இவ்வுண்மையை உணர்த்தும் பழங்கதைகளுள் ஒன்று யூதர்களின் தொன்மைச் சமய இலக்கியத்தில் உள்ளது. அதுவே சூசன்னாவின் கதை. கற்பின் மேன்மைக்குச் சான்றாகவே இதனைப் பலரும் எடுத்துரைப்பர். அதனை நாம் மறுக்கவில்லை. எனினும், சூசன்னாவைப் புகழ்வதோடு அமைந்துவிடுவது கதையின் பாதியை மட்டும் படிப்பதாகும். மறுபாதி அவளுக்குத் தீர்ப்பளித்த சபையாரைப் பற்றியது என்பது நம் கருத்து.

இக்கதை தானியேல் நூலின் கிரேக்க வடிவத்தில் கிடைக்கிறது. எபிரேய மறைநூல் தொகுப்பில் இடம்பெறவில்லை. கத்தோலிக்கரும் கீழைத் திருச்சபையினரும் இதனை மறைநூலின் பகுதியாக ஏற்பர். இலத்தீன் விவிலியத்தில் இது தானியேல் நூலின் 13-ஆம் அதிகாரமாக அமைந்துள்ளது. புராட்டஸ்டண்டுப் பிரிவினர் இதனைத் தள்ளுபடி ஆகமங்களுள் வைப்பர். கி.மு. 2 அல்லது 1-ஆம் நூற்றாண்டில் இது தோன்றியிருக்கலாம் என்பது அறிஞர் பலரின் துணிபு.

கதை நிகழும் இடம் பாபிலோன். நாடிழந்து வாழும் யூதர்களிடையே யோவாக்கிம் என்னும் செல்வர் ஒருவர் இருந்தார். அவர்தம் மனைவி சூசன்னா, மூசாவின் சட்டத்தைப் பெற்றோரிடம் கற்று வளர்ந்தவள், இறையச்சம் மிக்கவள். யோவாக்கிமின் இல்லத்திலேயே வழக்குகள் விசாரிக்கப்பட்டன. அவ்வாண்டு நடுவர்களாக அமர்த்தப்பெற்ற முதியோர் இருவர் அவள்மீது இச்சை கொண்டனர். ஒருநாள் தோட்டத்தில் அவள் தனித்திருந்த வேளையில் மறைவிலிருந்து வெளிப்பட்டு, தமக்கு இணங்குமாறும், இணங்காவிடில் இளைஞன் ஒருவனோடு அவள் இருந்ததாகச் சாட்சி சொல்வதாகவும் மிரட்டினர். இணங்கினால் இறைவன் முன் பாவம். மறுத்தால் மனிதர் கையில் மரணம். அவள் மரணத்தையே தேர்ந்தாள். பாவத்தினும் சிறையே தமக்கு விருப்பமானது என இறைவனிடம் முறையிட்ட யூசுஃப் நபி (அலை) அவர்களின் நிலையை இவ்விடத்தில் நாம் நினைவுகூராதிருக்க இயலாது.

மறுநாள் சபை கூடியது. முக்காடிட்டு வந்தவளின் முக்காட்டை நீக்கச் செய்தனர் அம்முதியோர். இருவரும் அவள் தலைமீது கைவைத்துச் சாட்சி கூறினர். அவர்கள் முதியோர், அதிலும் நடுவர்கள். ஆதலின் சபை அவர்தம் சொல்லை நம்பிற்று. மரண தண்டனை விதித்தது. ஈண்டு ஒரு செய்தி கூர்ந்து நோக்கத்தக்கது. முதியோர் பழி சுமத்தியபோது வீட்டுப் பணியாளர்கள் வெட்கித் திகைத்தனர். அவளைப் பற்றி அத்தகைய சொல் அதுவரை எழுந்ததே இல்லை என்று கதை கூறுகிறது. ஆயினும் அப்பணியாளர்களைச் சபையில் எவரும் வினவவில்லை. சூசன்னாவையும் வினவவில்லை.

அவள் இறைவனை நோக்கிக் கதறினாள். இறைவன் அக்குரலைக் கேட்டான். ஆனால் இடி விழவில்லை. வானவர் வாளேந்தி வரவில்லை. தானியேல் என்னும் இளைஞரின் உள்ளத்தை இறைவன் எழுப்பினான். அவர் கூட்டத்தைத் தடுத்து நிறுத்தி, முறையாக விசாரியாமல் ஒரு பெண்ணைக் கொல்லத் துணிந்தீர்களே என்று கடிந்தார். சாட்சிகள் இருவரையும் பிரித்து நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர்கள் என ஒரே வினாவைத் தனித்தனியே கேட்டார். ஒருவர் பிசின் தரும் சிறு மரம் ஒன்றைச் சொன்னார். மற்றவர் கருவாலி மரத்தைச் சொன்னார். பொய் வெளிப்பட்டது. அவளுக்கு எண்ணிய தண்டனை அவர்களுக்கே கிடைத்தது.

தமிழ் பயிலும் மாணவர்க்குச் சுவையான செய்தி ஒன்றும் இதில் உண்டு. அம்மரங்களின் கிரேக்கப் பெயர்கள் 'ஸ்கினோஸ்', 'பிரினோஸ்' என்பன. அவற்றோடு ஒலியொத்த, பிளத்தல், அறுத்தல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களைக் கொண்டு தானியேல் அவர்களுக்கு வரும் தண்டனையைச் சிலேடையாக அறிவிக்கிறார். இச்சிலேடை கிரேக்கத்தில்தானே பொருந்தும், கதை எபிரேயத்தில் எவ்வாறு தோன்றியிருக்கும் என கி.பி. 3-ஆம் நூற்றாண்டில் ஜூலியஸ் ஆப்பிரிக்கானுஸ் வினவ, ஓரிகன் விரிவாக விடை எழுதினார். ஒரு சிலேடை நூலாராய்ச்சிக்கு வித்திட்டது!

இனி நம் கருத்துக்கு வருவோம். மரண தண்டனைக்கு இரு சாட்சிகள் வேண்டும் என்பது மூசாவின் சட்டம். அச்சபையில் இருவர் இருந்தனர். சட்டத்தின் எழுத்து நிறைவேறியது. நீதியோ நிறைவேறவில்லை. எண்ணிக்கை இருந்தது, விசாரணை இல்லை. பதவியும் நரையும் விசாரணையின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. பிற்கால யூத மரபு இவ்வகை ஆபத்தை நன்கு உணர்ந்திருந்தது. மிஷ்னாவின் சன்ஹெத்ரீன் பகுதி சாட்சிகளை நாள், நேரம், இடம் எனத் துருவி வினவ வேண்டும் என்கிறது. பென் சக்காய் என்பார் அத்திப்பழத்தின் காம்பு வரை வினவிய நிகழ்ச்சியையும் பதிவு செய்துள்ளது.

திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயம் இன்னும் ஒரு படி மேலே சென்று, பழி சுமத்துவோர் மீதே சுமையை ஏற்றுகிறது. ஒழுக்கமுள்ள பெண்கள் மீது பழி கூறி நான்கு சாட்சிகளைக் கொணராதோர்க்கு 80 கசையடி. அவர்தம் சாட்சியம் பின்னர் ஏற்கப்படலாகாது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது அவதூறு எழுந்தபோது நபி (ஸல்) அவர்கள் பணிப்பெண் பரீரா (ரலி) அவர்களை வினவினார்கள். அன்னை ஸைனப் (ரலி) அவர்களையும் வினவினார்கள். இருவரும் நல்லதையே கூறினர். பாபிலோனின் சபை எவரை வினவ மறந்ததோ, அத்தகையோரின் சொல்லுக்கு மதீனாவில் இடம் கிடைத்தது. பின்னர் இறங்கிய வசனங்கள் அன்னையின் தூய்மையை அறிவித்ததோடு நில்லாமல், அவதூறைக் கேட்டபோதே நல்லெண்ணம் கொள்ளாதது ஏன் என்று கேட்டவர்களையும் வினவின. சொன்னவர் மட்டுமல்லர், செவிமடுத்தவரும் பொறுப்பாளரே.

ஒரு சமயத்தை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துவது நம் நோக்கமன்று. இரு மரபுகளும் சேர்ந்து நமக்கு இடும் கடமையையே சுட்டுகிறோம். ஒவ்வொரு சூசன்னாவுக்கும் உரிய நேரத்தில் ஒரு தானியேல் வந்து சேர்வதில்லை. திருமணப் பேச்சு முறிந்த வீட்டிலும், மணவிலக்குப் பெற்ற பெண்ணின் வாசலிலும், கல்லூரிக்குச் செல்லும் மகளின் பாதையிலும் சான்றற்ற சொற்கள் உலவுகின்றன. அவற்றைக் கூறுவோர் பெரியவர் என்பதனாலேயே அவை மெய்யாகிவிடுவதில்லை. ஊர்ப் பெரியோர் பஞ்சாயத்தில் அமரும்போது பெண்ணின் வாய்மொழியை முதலில் கேட்கட்டும்; சாட்சிகளைத் தனித்தனியே வினவட்டும். இளைஞர்களோ, கூட்டம் ஒருமுகமாய்த் திரளும்போது எழுந்து ஒரு கேள்வி கேட்கும் துணிவைப் பெறட்டும். சூசன்னாவைக் காத்தது அத்தகைய ஒரு கேள்வியே. அதனைக் கேட்கும் நெஞ்சுரத்தை இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!