நாலு நாள் வெயில்



போன மாதம் பழைய பெயின்ற் வாளியில் கறிவேப்பிலைக் கன்று வைப்பது பற்றி எழுதியிருந்தேன். "சனி ஞாயிறில் செய்யக்கூடியதாய், வாய்க்கு ருசியாய் ஒன்றும் இல்லையா?" என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். இருக்கிறது. வடகம்.

ஊரில் எங்கள் அம்மா வடகத்துக்கென்று கடைக்குப் போனதை நான் காணவில்லை. தோசைக்கும் வடைக்கும் ஊறப்போட்ட உழுந்தைக் கழுவும்போது கழன்று வருகிற கோதை அவ எறிய மாட்டா. அதுதான் வடகத்தின் உடம்பு. வெங்காயம் தோட்டத்தில். வேப்பம்பூ முற்றத்தில். பங்குனி, சித்திரையில் மரத்தின் கீழ் பாயை விரித்துவிட்டால் விடிய எழும்பும்போது பூ பாய் நிறையக் கிடக்கும். புடைத்து, காயவைத்து, போத்தலில் அடைத்தால் வருடம் முழுக்கப் போதும்.

நான் 1996இல் பிள்ளைகளோடு வவுனியா வழியாக வந்து வத்தளையில் ஓர் அறை எடுத்தேன். இங்கே வேம்பைத் தேடினால் தென்னையும் பலாவும்தான் கண்ணில் படும். ஊரிலிருந்து வருகிறவர்களிடம் அம்மா சின்னச் சரையாகக் கட்டி அனுப்புவா. 2006 ஆவணியில் ஏ-9 பாதை பூட்டுப்பட்ட பிறகு அதுவும் நின்றது. வெள்ளவத்தைக் கடைகளில் வடகம் பைக்கற்றில் தொங்கும். வாங்கிப் பார்த்தேன். உப்பும் மாவும்தான் கூடத் தெரிந்தது. வாய்க்குப் பிடிக்கவில்லை.

பூ கையில் இருந்தும் வடகம் போடாத ஒரு வருடமும் உண்டு. 2007 ஆனி 7ஆம் திகதி விடியற்காலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் இருந்த எங்கள் ஆட்களைப் பொலிசார் எழுப்பி பஸ்ஸில் ஏற்றினார்கள். 376 பேர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தச் சொல்லி இடைக்காலத் தடை விதித்தது. ஆனாலும் அதற்குப் பிறகு நான் பொலிஸ் பதிவுத் துண்டையும் அடையாள அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் கொழுவி வைத்திருந்தேன். வடகம் காய நாலு நாள் வெயில் வேண்டும். நாலு நாளைக்கு இந்த வீட்டில்தான் இருப்பேன் என்று சொல்ல முடியாதவள் எதை நம்பிக் காயப்போடுவது? அந்தப் பூ போத்தலிலேயே கறுத்துப் போனது.

இனிச் செய்முறைக்கு வருகிறேன். அரைக் கிலோ கோதுள்ள உழுந்தை வெள்ளி இரவு ஊறப்போடுங்கள். விடியக் கையால் தேய்த்துக் கழுவி, மிதந்து வருகிற கோதை எல்லாம் வடித்துப் பிழிந்து எடுங்கள். பருப்பு சனிக்கிழமைத் தோசைக்குப் போகட்டும். அதில் ஒரு கைப்பிடியை மட்டும் எடுத்துத் தண்ணீர் விடாமல் அரையுங்கள். கோது ஒன்றோடொன்று பிடிபட அது வேண்டும். கால் கிலோ சின்ன வெங்காயத்தைக் குறுணியாக அரிந்து, பத்துப் பன்னிரண்டு செத்தல் மிளகாயை இடித்து, ஒரு மேசைக்கரண்டி பெருஞ்சீரகம், கறிவேப்பிலை, ஒரு பெரிய கைப்பிடி காய்ந்த வேப்பம்பூ எல்லாம் சேர்த்துப் பிசையுங்கள். உப்பைக் கொஞ்சம் குறைத்தே போடுங்கள். காய்ந்து சுருங்கும்போது உப்பு எழும்பிவிடும். முதல் முறை நான் போட்ட வடகத்தைத் தண்ணீர்ச் செம்போடுதான் சாப்பிட வேண்டியிருந்தது!

சின்னச் சின்னதாகத் தட்டையாய்த் தட்டி, சுளகிலோ சுத்தமான துணியிலோ பரப்புங்கள். மொத்தமாகத் தட்டினால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், பூஞ்சணம் பிடிக்கும். இரண்டாம் நாள் புரட்டிவிட வேண்டும். உடைத்தால் 'டிக்' என்று முறிகிற அளவுக்குக் காய்ந்தால்தான் போத்தலில் போடலாம். கொழும்புப் பக்கத்தில் தை முதல் மாசி முடியும்வரை நல்ல வெயில். சித்திரையில் பின்னேரம் பின்னேரம் இடியோடு மழை வந்துவிடும், அப்போது தொடங்காதீர்கள். பூ சித்திரையில், காய்ச்சல் தையில். அதனால்தான் பூவைப் பத்திரப்படுத்தச் சொல்கிறேன்.

காகத்துக்கு நான் கண்டுபிடித்த வழி நுளம்பு வலை. நிவாரணத்தில் கிடைத்து ஓட்டை விழுந்த வலை இருந்தால் நாலு கதிரைக் கால்களில் கட்டி மூடிவிடுங்கள்.

வீட்டுக்கார அம்மா மொட்டைமாடிக்கு ஏறி வந்து, "இது என்ன?" என்று கேட்டா. "கொஹொம்ப மல்" என்றேன். வேப்பம்பூவையும் தின்பார்களா என்ற மாதிரி என்னைப் பார்த்தா. பொரித்து நாலைந்து கொடுத்தேன். முகத்தைச் சுளித்தபடியே எல்லாவற்றையும் தின்றுவிட்டா. அடுத்த தையில் தானே ஒரு தட்டுக் கொண்டுவந்து நீட்டினா. தேங்காய் எண்ணெய் விற்கிற விலைக்கு ஒரு சின்னத் தாச்சியில் ஐந்தாறாகப் பொரித்தால் போதும். மெல்லிய நெருப்பு, இல்லாவிட்டால் பூ கருகி வெறும் கசப்பு. சோறும் ஒரு சொதியும் இருந்தால் அன்றைக்கு வேறு கறி தேவையில்லை.

வெயில் காய்கிற நேரத்தில் கை சும்மா இருக்க வேண்டாமே. எங்கள் ஒழுங்கையில் ஒரு தங்கச்சி இருக்கிறா. 2009இல் வட்டுவாகல் தாண்டி வந்து, செட்டிக்குளம் முகாமில் இருந்து, இப்போது கார்மன்றில் வேலை. கணவனைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. கிழமை முழுக்க யாரோ போடப்போகிற சேட்டுக்குக் கொலர் தைக்கிறவளின் தலையணைக்கு உறை இல்லை. "வாடகை வீட்டுக்கு என்னத்துக்கு அக்கா?" என்றா. "தலை உன்ரதுதானே?" என்றேன்.

பழைய பருத்திச் சேலை போதும். 18க்கு 27 அங்குலத் தலையணைக்கு 19 அங்குல அகலம், 62 அங்குல நீளம் வெட்ட வேண்டும். கிழியாத சேலை என்றால் ஆறு உறை வரும். பழசில் நாலு தேறும். இரண்டு குறுக்குக் கரையையும் ஒரு அங்குலம் மடித்துத் தையுங்கள். நல்ல பக்கம் மேலே தெரிய விரித்து, ஒரு முனையைக் கொண்டுவந்து மற்ற முனைக்கு ஆறு அங்குலம் முன்னே நிறுத்துங்கள். மிஞ்சிய ஆறு அங்குலத்தை அதன் மேல் மடியுங்கள். இரண்டு பக்கமும் அரை அங்குலம் விட்டுத் தைத்துப் புரட்டினால் முடிந்தது. பொத்தானும் வேண்டாம், நாடாவும் வேண்டாம். கைத்தையல் என்றாலும் ஒரு பின்னேர வேலைதான்.

தங்கச்சி தன் சேலை இரண்டைக் கொண்டுவந்தா. பையின் அடியில் அவரின் சாறம் ஒன்றும் இருந்தது. முகாமிலும் தலைக்கு அதைத்தான் மடித்து வைத்தவளாம். "இதையும் வெட்டினால் இன்னொரு உறை வரும்தானே?" என்று எடுத்து விரித்தா. கத்தரிக்கோல் என் கையில்தான் இருந்தது. நான் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவவே மடித்து வைத்தா. பிறகு தைத்து முடித்த உறைகளில் ஒன்றைப் புரட்டி, சாறத்தை அதற்குள் வைத்து, ஆறு அங்குல மடிப்பை இழுத்து மூடினா.

அந்தக் கிழமை வெயில் நன்றாக எறித்தது. வடகத்தில் பாதி அவவின் போத்தலுக்குப் போனது. வேப்பம்பூ இல்லாதவர்கள் இப்போதே ஊரில் யாருக்காவது சொல்லி வையுங்கள். பங்குனி பிறந்தால் பூத்துவிடும்.