பச்சிளம் குழந்தைக்கு சிவப்புக் கட்டி: ‘தானா சரியாயிடும்’னு எத்தனை நாள் இருக்கலாம்?

மதுரை: பிறந்து 2 வாரத்தில் பிள்ளையின் முகத்தில் சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி. 2 மாதத்தில் அது நாவல்பழம் அளவு வீங்கி நிற்கிறது. ‘கிரகணத்துல வெளியே வந்திருப்பா’ என்று தாய் மீது பழி. அப்புறம் சந்தனப் பூச்சு, மந்திரிப்பு. சிம்மக்கல்லில் இருந்து யானைக்கல் பாலத்தைத் தாண்டினால் கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரி. அங்கே போவதற்குள் மாதங்கள் ஓடிவிடுகின்றன.

இது மச்சமும் இல்லை, புற்றுநோயும் இல்லை. ரத்தக்குழாய் கட்டி. 100 குழந்தைகளில் 4, 5 பேருக்கு வருகிறது. கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

பெரும்பாலான கட்டிகள் சில வருடங்களில் தானாக வற்றிவிடும். பாட்டிகள் சொல்வதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. ஆனால் கண் இமையில் வந்தால் பார்வை கெடலாம். மூக்கு, உதட்டில் வந்தால் முகமே மாறும். தொண்டைக்குள் இருந்தால் மூச்சு அடைக்கும். வளர்ச்சியில் பெரும்பங்கு முதல் 3 மாதத்திலேயே முடிந்துவிடுவதால் அதன் பிறகு போனால் பலன் குறைவு.

பிரெஞ்சு டாக்டர்கள் கண்டது

வைத்தியம் கிடைத்தது தற்செயலாகத்தான். பிரான்சில் மூக்கில் கட்டியுள்ள ஒரு குழந்தைக்கு இதயக் கோளாறும் வர, ‘புரோப்ரனலால்’ கொடுத்தார்கள். மறுநாளே கட்டியின் நிறம் மாறி, மிருதுவானது. 2008-ல் இந்தச் செய்தி வெளியானது. ரத்தக்கொதிப்புக்குத் தரும் பழைய, மலிவான மருந்துதான் அது. அதற்காக மெடிக்கலில் நாமே வாங்கிக் கொடுத்துவிடக் கூடாது. வெறும் வயிற்றில் கொடுத்தால் பிள்ளைக்கு சர்க்கரை இறங்கிவிடும். நாடித்துடிப்பும் குறையலாம்.

அபூர்வமாக இன்னொரு வகை உண்டு. கருநீலமாக, கெட்டியாக, திடீரென்று வீங்கும். டெங்குவில் குறையுமே அந்த ரத்தத் தட்டணுக்கள், கட்டிக்குள் சிக்கிக் குறைந்துவிடும். ரத்தக்கசிவு உயிரையே வாங்கலாம். 1940-லேயே நியூயார்க் டாக்டர்கள் இதை எழுதி வைத்தார்கள். இதற்கு புரோப்ரனலாலை மட்டும் நம்ப முடியாது. கிட்னி மாற்று நோயாளிகளுக்குத் தரும் ‘சிரோலிமஸ்’, அல்லது ‘வின்கிரிஸ்டின்’ ஊசி கொடுப்பார்கள். பின்னது நித்தியகல்யாணியில் இருந்து எடுப்பது. சுடுகாட்டுப் பூ என்று நம்மூரில் ஒதுக்கி வைக்கிறோமே, அதேதான்!

ஒன்றரை மாதத்தில் தடுப்பூசிக்கு எல்லோரும் பிள்ளையைத் தூக்கி வருகிறார்கள். கட்டி வேகமாக வளர்வதும் அந்த நேரத்தில்தான். ஊசி போடும் நர்ஸ், பிள்ளையின் சட்டையைக் கழற்றி ஒருதடவை பார்த்தால் அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிடலாம்.