நூறு உருபாவும் ஒரு மலையும்

1992-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு இயற்றிய உடைமைக் கேடு, இழப்புத் தடுப்புச் சட்டத்தைப் படித்துப் பார்த்தோர் மிகச் சிலரே. நூறு உருபா அளவிற்கோ அதற்கு மேலோ ஓர் உடைமைக்குக் கேடு செய்தவனுக்கு, ஓராண்டுக்குக் குறையாமல் ஐந்தாண்டு வரை சிறையும் தண்டமும் உண்டென்கிறது அதன் மூன்றாம் பிரிவு. தீயாலோ வெடிப்பொருளாலோ செய்தால் ஈராண்டுக்குக் குறையாமல் பத்தாண்டு வரை. தனிக் கரணியம் காட்டி வழக்குமன்றம் குறைக்கலாம் என்னும் சிறு வாயில் ஒன்றுண்டு. பொது உடைமைக்கென வந்த அச் சட்டம் 1994-இல் தனியார் உடைமைக்கும் நீட்டப்பெற்றது. நூறு உருபா மட்டும் நீளவில்லை. அன்று வைத்த இடத்திலேயே நிற்கின்றது!

பேருந்தை எரிப்பவனுக்கு இரங்குமாறு இங்கு எவரும் கேட்கவில்லை. 2000-ஆம் ஆண்டு பிப்பிரவரி 2-ஆம் நாள், தம் தலைவிக்கு வழக்குமன்றம் ஒறுப்பு வழங்கியதென்று சினந்த கட்சிக்காரர், தருமபுரியை அடுத்த இலக்கியம்பட்டியில் வைத்த தீயில், கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவியர் மூவர் பேருந்தினுள்ளேயே கருகி மாண்டனர். சேலம் வழக்குமன்றம் 2007-இல் மூவர்க்குத் தூக்கு விதித்தது. 2016-இல் அது வாழ்நாட் சிறையாயிற்று. 2018-இல் அம் மூவரும் வெளியே வந்தனர். அவர்களை விடுவிக்கப் பரிந்துரைத்ததும் அதே கட்சியின் அரசே. சட்டத்தின் கடுமை யாருக்கு என்பதை இதனின் வெளிப்படையாக வேறெது காட்டும்?

இனி, அச் சட்டத்தின் இன்னொரு பிரிவை நோக்குக. ஊர்வலத்திலோ கூட்டத்திலோ கிளர்ச்சியிலோ உடைமைக்குக் கேடு நேர்ந்தால், அதனை நடத்திய அரசியற் கட்சியோ, சமயக் குழுவோ, மொழிக் குழுவோ, இனக் குழுவோ ஈடு தரவேண்டும் என்பது அதன் கருத்து. மொழிக் குழு! தமிழுக்காகத் தெருவில் நிற்பவனை ஐயத்திற்குரியவனாகச் சட்டத்திலேயே எழுதி வைத்தது தில்லியன்று, தமிழ்நாட்டின் சட்டமன்றம். தொடர்வண்டி நிலையப் பெயர்ப்பலகையில் இந்தி எழுத்தை அழிக்கும் போராட்டம் 1952-இல் பெரியாரால் நடத்தப்பெற்றது. 2025 பிப்பிரவரியில் பொள்ளாச்சியிலும் இந்தி எழுத்தின்மேல் கருமை பூசப்பெற்று, வழக்கும் பதிவாயிற்று. பலகையின் எழுத்தை அழிப்பவனுக்கு 1989-ஆம் ஆண்டின் தொடர்வண்டிச் சட்டம் தருவது ஒரு திங்கள் வரை சிறை, அல்லது 250 உருபா வரை தண்டம், அல்லது இரண்டும். இந்தியைத் திணிக்கும் ஒன்றிய அரசின் சட்டமே ஒரு திங்களோடு நிற்க, அதே பலகைக்கு நூறு உருபா கேடென்று கணக்கெழுதித் தமிழ்நாட்டுச் சட்டத்தின்கீழ்க் கொணர்ந்தால், ஓராண்டிலிருந்துதான் எண்ணத் தொடங்க வேண்டும்!

ஏற்காட்டு மலைக்கு வருவோம். (சேர்வராயன் மலையை 'செவராய்' என்று ஆங்கிலவன் சிதைத்தானே, அக் கேட்டிற்கு எந்தப் பிரிவு?) வெள்ளக்கடை போலும் மலையூரில் பேருந்து நில்லாமற் போகிறதென்று சினந்து, ஓர் இளைஞன் கல்லெறிந்து கண்ணாடியை உடைத்தால் அவனுக்குக் குறைந்தது ஓராண்டு. செய்தது பிழை, ஒறுக்கட்டும். ஆனால் அவன் நிற்கும் மலைக்கு நேர்ந்தது என்ன?

அம் மலையின் முகடுகளில் தொப்பி கவிழ்த்தாற்போற் படிந்திருப்பது பாக்சைட்டு. மேட்டூரில் இயங்கிய மால்கோ அலுமினிய ஆலைக்கு ஏற்காட்டு முகடுகளிலும் கொல்லிமலையிலும் அதனை அகழ்ந்து கொண்டு சென்றனர். 2008-இல் அவ் வாலையின் உருக்குலை நின்றது. மலைமுகடு திரும்ப வளரவில்லை. மழை நீரைத் தாங்கி ஓடைகளுக்கு ஈவது அம் முகட்டு மண். சேலத்தின் நடுவே ஓடும் திருமணிமுத்தாறும் இம் மலையிற் பிறந்ததே. இவ்வளவும் அகழ்ந்ததற்குக் குத்தகை இருந்தது! குத்தகையே இன்றி மலையைத் தோண்டுபவனுக்கோ, 1957-ஆம் ஆண்டின் ஒன்றியக் கனிமச் சட்டம், 2015-இல் கடுமையாக்கிய பின்னரும், ஐந்தாண்டு வரை சிறையும் எக்டேருக்கு 5 இலக்கம் உருபா வரை தண்டமும் என்கிறது. 'வரை' என்பதை நோக்குக. கண்ணாடிக்கு உள்ள கீழெல்லை மலைக்கு இல்லை. வழக்குமன்றம் விரும்பினால் ஒரு நாட் சிறையோடும் விட்டுவிடலாம். அதற்குத் தனிக் கரணியமும் காட்ட வேண்டா.

விறகு வெட்டினான் என்று மலையாளிப் பழங்குடி உழவனைப் பிடிக்கக் காட்டுச் சட்டம் 1882 முதலே காத்திருக்கிறது. அவன் தெய்வமாகத் தொழும் சேர்வராயன் அமர்ந்த மலையின் தலையைச் சீவியவனைப் பிடிக்க ஒரு சட்டமும் இல்லை. உடைமை என்றால் விலைச்சீட்டு ஒட்டியதுதான் என்று கருதும் அறிவிலிருந்து பிறந்த வேறுபாடு இது. தமிழனுக்கு மலை, குறிஞ்சித் திணையின் முதற்பொருள். சட்டம் எழுதியவனுக்கோ வெறும் கனிமக் கிடங்கு.

சட்டமன்ற உறுப்பினர் தமிழராயின், மொழிக் குழு என்னும் சொல்லை 1992-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து நீக்கட்டும். நூறு உருபா வரம்பை இற்றை விலைவாசிக்கு உயர்த்தட்டும். மலை முகட்டை எவனுக்கும் குத்தகைக்கு விடுமுன் அம் மலையூர்களின் ஊர்மன்ற ஒப்புதலைக் கட்டாயமாக்கட்டும். தோண்டிய குழியை மூடாது போகிற குத்தகையாளனுக்கும், பேருந்துக் கண்ணாடியை உடைத்தவனுக்கு உள்ள அதே ஓராண்டுக் கீழெல்லையை எழுதட்டும்.