உத்தியோகமும் ஒரு பள்ளிக்கூடம்தான்

நாகர்கோவிலிலிருந்து காலையில் திருவனந்தபுரம் வரும் ரயிலில் நம்மவர்கள் கூட்டம் எப்போதும் உண்டு. சென்ற வாரம் அந்த வண்டியில் பழைய நண்பர் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சாலைக் கடைத்தெருவில் மொத்த வியாபாரி ஒருவரிடம் முப்பது ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறவர். முகத்தில் களை இல்லை.

"அண்ணாச்சி, பையனுக்கு டெக்னோபார்க்கிலே நல்ல வேலை. மாசம் பிறந்தா சம்பளம். அதை விட்டுட்டு கூட்டாளிகளோட சேர்ந்து ஸ்டார்ட்-அப் தொடங்கப் போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கான். நீங்கதான் புத்தி சொல்லணும்" என்றார்.

இது அவர் ஒருவர் வீட்டுக் கவலை அல்ல. ஊரை விட்டு வந்து, குமாஸ்தாவாகவும் கடைச் சிப்பந்தியாகவும் உழைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்களில் இன்று பரவலாகக் கேட்கும் கவலை. நமக்கு மாதச் சம்பளம்தான் கரை. பிள்ளைகளுக்கோ அது கால்கட்டாகத் தோன்றுகிறது. இரண்டுக்கும் நடுவே பாலம் உண்டா என்பதே கேள்வி.

உண்டு என்பதற்குச் சாட்சி தேடி அமெரிக்கா போக வேண்டியதில்லை. இந்தத் திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது.

விமல் கோவிந்த், அருண் ஜார்ஜ், நிகில், ரஷீத் என்ற நால்வர் குற்றிப்புரம் எம்.இ.எஸ். பொறியியல் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். மாணவப் பருவத்தில் அவர்கள் செய்தது, மனிதன் உடலோடு மாட்டிக்கொண்டு அதிக பலத்தோடு இயங்கத்தக்க ஒரு யந்திரக் கவசம். பார்த்தவர்கள் பாராட்டினார்கள். ஆனால் பாராட்டு அடுப்பில் எரியாதே! தொழில் தொடரப் பணம் கிடைக்கவில்லை. நால்வரும் ஐ.டி. கம்பெனிகளில் உத்தியோகத்துக்குப் போனார்கள்.

இதற்கிடையே 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் ஒரு கொடுமை நடந்தது. பாதாளச் சாக்கடையைச் சுத்தம் செய்ய மேன்ஹோலுக்குள் இறங்கிய ஆந்திரத் தொழிலாளர்கள் இருவர் விஷவாயு தாக்கி மயங்கினார்கள். அவர்களைக் காப்பாற்றக் குதித்த உள்ளூர் ஆட்டோ டிரைவரும் மேலே வரவில்லை. மூன்று உயிர்கள் போயின. அதன் பிறகு, மனிதன் இறங்காமல் இந்த வேலையைச் செய்ய யந்திரம் உண்டா என்று கேரள அரசு வட்டாரத்தில் கேள்வி எழுந்தது. நால்வரும் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார்கள். 2017-ல் உத்தியோகத்தை விட்டு, ஜென்ரோபோடிக்ஸ் என்ற தங்கள் கம்பெனியில் முழு நேரமாக இறங்கினார்கள். கேரள ஸ்டார்ட்-அப் மிஷன் கை கொடுத்தது. குடிநீர், கழிவுநீர்த் துறையான கேரள வாட்டர் அத்தாரிட்டி யந்திரத்தைச் சோதித்துப் பார்க்க வழி செய்தது. 2018-ல் திருவனந்தபுரத்தில் அந்த யந்திரம் அறிமுகமாயிற்று.

அதன் பெயர் பாண்டிகூட். ஆங்கிலச் சொல் என்று மயங்க வேண்டாம். பெருச்சாளியைக் குறிக்கும் தெலுங்குச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனதுதான் அது. பொருத்தமான பெயர். யந்திரத்தின் ஒரு பாகம் மேலே தரையில் நிற்கும். மறு பாகம் குழிக்குள் இறங்கும். இறங்கியதும் கால்களை அகட்டிச் சுவரில் ஊன்றிக்கொண்டு, கையால் கசடை அள்ளி வாளியில் போடும். உள்ளே நடப்பதைக் காமிராக்கள் காட்டும். விஷவாயு இருந்தால் கருவி உணர்த்தும். மேலே நிற்கும் தொழிலாளி திரையைப் பார்த்தபடியே வேலையை முடிக்கலாம். பின்னர் கும்பகோணம், கோவை போன்ற நம் ஊர்களுக்கும் இது வந்தது. 2022-ல் நம் தமிழ்நாட்டு ஸோஹோ கம்பெனி முன்னின்று இவர்களுக்கு ரூ.20 கோடி மூலதனம் திரண்டது. அந்த ஸோஹோவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பும் குவால்காம் என்ற அமெரிக்கப் பெருங்கம்பெனியில் உத்தியோகம் பார்த்துவிட்டு வந்தவரே.

இந்தக் கதையில் நமக்கு என்ன பாடம்?

முதல் பாடம், திறமை மட்டும் போதாது என்பது. யந்திரக் கவசமும் பாண்டிகூட்டும் ஒரே இளைஞர்களின் மூளையில் பிறந்தவை. முதலாவதற்குக் காத்திருந்தவர் யாருமில்லை. இரண்டாவதற்கு ஊர் ஊராய் மேன்ஹோல்கள் காத்திருந்தன. அவற்றைப் பராமரிக்கும் பொறுப்புள்ள பெரிய ஸ்தாபனமும் இருந்தது. புதுமை செய்கிறவனுக்குப் பழைய ஆபீஸ் எதிரியல்ல. சோதித்துப் பார்க்க இடமும், வாங்கக் கையும் அதனிடம்தான் இருக்கின்றன.

இரண்டாவது, உத்தியோகம் வீண் போவதில்லை. சொன்ன தேதியில் வேலையை முடிப்பது, செய்ததை எழுதி வைப்பது, பிழை வந்தால் எந்தக் கட்டத்தில் வந்தது என்று தேடுவது, பில் போட்டால் பணம் எத்தனை மேஜை தாண்டி வரும் என்று அறிவது, இவை எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தராத படிப்பு. அரசு ஆபீசில் பைல் நகரும் விதம் தெரியாத ஸ்டார்ட்-அப்காரன் முதல் பில் வருவதற்குள் கடனாளி ஆகிவிடுவான். சம்பளம் வாங்கிக்கொண்டே இதைப் படிக்கக் கிடைப்பது பாக்கியமே.

மூன்றாவது பாடத்தைப் பெரிய ஸ்தாபனங்கள் படிக்க வேண்டும். என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஆபீசில் கூலி விவரத்தை மூன்று லெட்ஜர்களில் எழுதுவோம். ஒன்றில் தவறினால் தொழிலாளிக்குப் பட்டுவாடா பத்து நாள் தள்ளிப்போகும். ஒரே பதிவில் மூன்றையும் முடிக்க ஒரு இளம் குமாஸ்தா வழி கண்டுபிடித்தார். "உன் வேலையைப் பார்" என்று மேலதிகாரி காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். சில ஆண்டுகள் கழித்து அதே ஏற்பாட்டை வெளிக் கம்பெனி ஒன்று கம்ப்யூட்டரில் செய்து கொடுத்து நல்ல விலை வாங்கிக்கொண்டு போயிற்று. அந்தக் குமாஸ்தா அதற்குள் வேறு ஊருக்குப் போய்விட்டார். வலி எங்கே என்பது தினமும் அந்த வேலையைச் செய்கிறவனுக்குத்தான் தெரியும். அவனைக் கேட்காத ஸ்தாபனம் தன் வீட்டுச் சரக்கையே வெளியில் விலைக்கு வாங்குகிறது.

பாண்டிகூட் விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். குழிக்குள் இறங்கி வேலை செய்தவர்களுக்கே யந்திரத்தை இயக்கப் பயிற்சி தரப்பட்டது. அவர்களை ஒதுக்கிவிட்டு டிப்ளமோ படித்தவர்களை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் உயிர் பிழைத்திருக்கும், சோறு போயிருக்கும்.

இந்த வேலை நமக்கு அந்நியமானதல்ல. தகழி சிவசங்கரப் பிள்ளை 1947-ல் வெளியிட்ட நாவலை 'தோட்டியின் மகன்' என்று நாகர்கோவில் சுந்தர ராமசாமி தமிழில் தந்தார். ஆலப்புழையில் மலம் அள்ளிய குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை. அப்பன் பெயர் இசக்கிமுத்து, மகன் சுடலைமுத்து. எந்தச் சீமையிலிருந்து போனவர்கள் என்று நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தன் மகன் தோட்டியாகக் கூடாது என்ற தகப்பனின் தவிப்புத்தான் அந்தக் கதையின் உயிர்.

ஆனால் யந்திரம் பிறந்துவிட்டதால் எல்லாம் முடிந்தது என்று எண்ணுவது பேதைமை. 2024 ஜூலையில், இதே நகரில், ரயில் நிலையத்தின் கீழே ஓடும் ஆமையிழஞ்சான் தோட்டில் குப்பை அள்ள இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரை மழை வெள்ளம் அடித்துச் சென்றது. மலை மலையாகக் குவிந்த குப்பைக்குள் முக்குளிப்பவர்கள் தேடினார்கள். பாண்டிகூட் செய்த கம்பெனியின் யந்திரங்களும் தேடின. மூன்றாம் நாள் சடலம்தான் கிடைத்தது. யந்திரம் செய்யும் ஊரிலேயே மனிதன் இறங்க வேண்டியிருந்தது! சாக்கடைக்குள் மனிதனை இறக்குவதைத் தடுக்க 2013-ல் சட்டம் வந்தது. சாக்கடைச் சாவுக்கு இழப்பீட்டை ரூ.30 லட்சமாக உச்ச நீதிமன்றம் 2023-ல் உயர்த்தியது. இருந்தும், குறைந்த தொகைக்கு டெண்டர் எடுத்தவரிடம் யந்திரம் இருக்கிறதா என்று யாரும் கேட்காவிட்டால், இளைஞர்களின் கண்டுபிடிப்பு கண்காட்சிப் பொருளாகத்தான் இருக்கும். கண்டுபிடிப்பது ஸ்டார்ட்-அப்பின் கடமை. அதை ஒப்பந்தப் படிவத்தில் ஒரு நிபந்தனையாக எழுதி நிறைவேற்றுவது ஆபீசின் கடமை. அந்த ஒரு வரியை எழுதுகிற கை நம்மைப் போன்ற ஒரு குமாஸ்தாவின் கையாகவும் இருக்கலாம்.

நண்பருக்கு என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். பையனைத் தடுக்க வேண்டாம். சில கேள்விகள் மட்டும் கேளுங்கள் என்றேன். நீ செய்யப்போவதற்குக் காத்திருப்பவர் யார்? அவர் வாயால் கேட்டாயா? அந்த வேலையைக் கையால் செய்கிறவனோடு ஒரு வாரமாவது இருந்து பார்த்தாயா? ஒன்றரை வருஷ வீட்டுச் செலவுக்குக் கையில் பணம் உண்டா, அல்லது அம்மாவின் வளையலை நம்பியா இறங்குகிறாய்? வேலையில் இருக்கும்போது கண்டுபிடித்தது கம்பெனிக்கே சொந்தம் என்று நியமன உத்தரவில் எழுதியிருக்கிறதா, படித்தாயா?

இவற்றுக்கு நேரான பதில் இருந்தால் ஆசீர்வதித்து அனுப்பலாம். இல்லையென்றால் இன்னும் ஓராண்டு அதே நாற்காலியில் இருந்து கற்றுக்கொண்டு வரட்டும். பள்ளிக்கூடத்தை விட்டு எப்படியும் ஒரு நாள் வெளியேற வேண்டியதுதான். பாடத்தை முடித்துவிட்டு வெளியேறுவது நல்லது.

தம்பானூரில் இறங்கும்போது நண்பர் அந்தக் கேள்விகளை டைரியில் எழுதிக்கொண்டிருந்தார். கணக்குப்பிள்ளை அல்லவா!