மாலை மாத்திரையும் மலைக் காற்றும்

கோடை விடுமுறைக்குக் கொடைக்கானல் போகிறவர்களில் சிலருக்கு ஏரியும் கூட்டமும் போதுவதில்லை. பூம்பாறை, மன்னவனூர் என்று மலைப்பாதையில் இன்னும் உள்ளே போய், பூண்டி கிராமத்தின் அடுக்கு வயல்களையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். பார்க்க வேண்டிய இடந்தான்; சந்தேகமில்லை. ஆனால் வீட்டில் இரைப்பு உள்ள குழந்தை இருந்தால், கம்பளிச் சட்டையை மடித்து வைக்கும்போதே மருந்தைப் பற்றியும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

"மாத்திரைதான் எடுத்து வைத்துவிட்டேனே!" என்பீர்கள். எந்த மாத்திரை? பல வீடுகளில் அது மாண்டெலுகாஸ்ட். அலர்ஜிக்கான லெவோசிட்ரிசினோடு சேர்த்து ஒரே மாத்திரையாகவும் விற்கிறார்கள்.

தூசி, புகை, குளிர் காற்று பட்டதும் சிலருக்கு உடம்பில் 'லூகோட்ரையீன்' என்ற பொருள்கள் சுரந்து மூச்சுக் குழாய்களைச் சுருக்கி, வீங்கச் செய்கின்றன. இவற்றுக்கு அந்தப் பெயரை 1979-ல் சூட்டியவர் ஸ்வீடன் விஞ்ஞானி பெங்ட் சாமுவேல்சன். 1982-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். அந்தப் பொருள்களின் வேலையைத் தடுக்கும் இம்மாத்திரைக்கு அமெரிக்காவில் 1998-ல் அனுமதி கிடைத்தது. ஆஸ்துமாவுக்கு இதை மாலை வேளையில், தினந்தோறும் சாப்பிட வேண்டும்.

இங்கேதான் ஜாக்கிரதை தேவை. இது வீட்டுக்குக் காவற்காரன் மாதிரி. தீப்பிடித்த பிறகு அவனைக் கூப்பிட்டுப் பயனில்லை. பூண்டியின் இரவுக் குளிரிலோ விறகடுப்புப் புகையிலோ குழந்தைக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தால், கைகொடுப்பது டாக்டர் எழுதிக் கொடுத்த சால்பூட்டமால் இன்ஹேலர்தான். அதில் மருந்து மிச்சம் இருக்கிறதா என்று புறப்படுமுன் பாருங்கள். அதைப் பெட்டிக்கு அடியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். பெரிய ஆஸ்பத்திரி வேண்டுமென்றால் வளைந்து வளைந்து கொடைக்கானல் வரை திரும்பியாக வேண்டும். இன்ஹேலருக்கும் அடங்காவிட்டால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே புறப்பட்டுவிடுங்கள்.

இன்னொரு விஷயம். இம்மாத்திரை சாப்பிடும் சிலருக்குக் கெட்ட கனவு, தூக்கமின்மை, காரணமில்லாத கோபம், மனச் சோர்வு, ஏன், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணங்கூட வருவதுண்டு. 2020 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா இதற்கெனக் கட்டம் கட்டிய எச்சரிக்கையை அச்சிடச் சொன்னது. வெறும் அலர்ஜித் தும்மலுக்கு மற்ற மருந்துகள் பயன்படாதபோதுதான் இதைத் தரலாம் என்றும் கூறியது.

ஆகவே, சாதுவான குழந்தை திடீரென்று முரண்டு பிடித்தாலோ, இரவில் அலறி எழுந்தாலோ, "சேட்டை!" என்று முதுகில் ஒன்று வைத்துவிடாதீர்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு, உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் கொடுத்த இன்ஹேலரை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

எதிர் வீட்டு மாமியின் பேரனுக்குக் கேட்டது என்பதற்காக நம் குழந்தைக்கும் வாங்கிக் கொடுப்பது அறவே கூடாது. வயதுக்கு வயது அளவு வேறு: 2 முதல் 5 வயது வரை 4 மில்லிகிராம், 6 முதல் 14 வரை 5, அதற்கு மேல் 10. அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். குழந்தையின் தூக்கத்தையும் முகத்தையும் கவனித்து அவருக்குச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.