நாலு வரிதான், ஆனால் யாருடைய வரி?

இண்டியன் ஓஷன் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு கருத்து தவறாமல் வந்து விழும். "மியூசிக் சூப்பர் சார், ஆனா பாட்டுல வரின்னு ஒண்ணும் பெரிசா இல்லையே. நாலு வரியை வச்சுக்கிட்டு பத்து நிமிஷம் ஓட்டுறாங்க." சொல்பவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள்தான். கண்ணதாசனில் ஊறியவர்கள், பல்லவி ஒன்று, சரணம் இரண்டு என்று கணக்கு வைத்திருப்பவர்கள். தப்பில்லை. ஆனால் என் கட்சி நேர் எதிர். இந்தக் குழுவின் பெரிய பலமே அந்த நாலு வரிதான். எத்தனை வரி என்று எண்ணாமல், அது எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்.

தெரியாதவர்களுக்குச் சின்ன அறிமுகம். 1990ல் தில்லியில் தொடங்கிய குழு. சுஸ்மித் சென் கிடார், அஷீம் சக்ரவர்த்தி தபலாவும் பாட்டும். அடுத்த வருடம் ராகுல் ராம் (பேஸ் கிடார், பாட்டு) சேர்ந்தார், 1994ல் அமித் கிலம் (டிரம்ஸ்). இரண்டு வங்காளிகள், ஒரு காஷ்மீரி. ராகுலின் அப்பா எச்.ஒய். மோகன் ராம் மைசூரில் பிறந்தவர், தில்லிப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியராக இருந்தவர். ஆக, எங்கெங்கோ வேர் இருக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் தில்லியில் கூடிப் போட்ட குழு. இவர்கள் பல வருடம் ஒத்திகை பார்த்த பழைய பங்களா இருந்தது கரோல் பாகில். கரோல் பாக் பற்றி நம் பழைய ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம். மத்திய சர்க்கார் வேலைக்கு ரயிலேறி வந்த தமிழ்க் குடும்பங்கள் முதலில் வீடு பிடித்த பேட்டைகளில் அதுவும் ஒன்று.

இப்போது வரிகளுக்கு வருவோம். 2000ல் வந்த 'கண்டீசா' ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தலைப்புப் பாட்டு கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய துதிப்பாடல். மொழி சிரியாக், அதாவது ஏசு பேசிய அரமேயத்தின் ஒரு கிளை. கண்டீசா என்றால் 'புனிதமான' என்று பொருள். 'ஹில்லே ரே' வந்தது கோரக் பாண்டேயின் போஜ்புரிப் பாட்டிலிருந்து. சாதாரண ஜனங்கள் படையாகத் திரண்டு வந்தால் உலகமே ஆடும் என்கிற பாட்டு. 'மா ரேவா' நர்மதைக் கரை ஜனங்களின் பாட்டு. ஒரே ஆல்பத்தில் சர்ச், வயல், ஆறு மூன்றும் இருக்கின்றன. மூன்றிலும் வார்த்தை கொஞ்சம்தான். காரணம், அவை இரவல் வாங்கியவை. இரவல் நகையை உருக்கித் தன் இஷ்டத்துக்கு வேறு டிசைன் செய்ய மாட்டோம் இல்லையா? அந்த மரியாதைதான் இது.

'மா ரேவா'வைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ராகுல் ராம் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் நச்சியலில் டாக்டரேட் வாங்கியவர். நம் வீடுகளில் அப்படி ஒரு பையன் இருந்தால் அடுத்த பேச்சு கிரீன் கார்டுதான் :-) அவரோ திரும்பி வந்து நர்மதை பச்சாவோ ஆந்தோலனில் சேர்ந்து, அந்தப் பள்ளத்தாக்கில் சில வருடம் வேலை பார்த்தார். ரேவா என்பது நர்மதையின் இன்னொரு பெயர். இந்தப் பாட்டு அணையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாது. கோஷம் கிடையாது, திட்டு கிடையாது. ஆற்றுத் தண்ணீரின் தெளிவைச் சொல்லும், அமர்கண்டக்கில் அவள் பிறந்ததைச் சொல்லும், அவ்வளவுதான். சர்தார் சரோவர் அணையை 2017ல் பிரதமர் திறந்துவைத்தார். அந்த நீர்த்தேக்கத்தில் முழுகிய ஊர்களை நினைத்துக்கொண்டு இந்த வாழ்த்துப் பாட்டைக் கேளுங்கள். பத்துப் பக்கக் கட்டுரை செய்யாத வேலையை நாலு வரி செய்யும்.

சொந்தமாக எழுதத் தெரியாததால்தான் இரவல் வாங்குகிறார்கள் என்றும் சிலர் சொல்வார்கள். யாருடைய வார்த்தை வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதே ஒரு எழுத்து வேலைதான். 2003ல் வந்த 'ஜீனி'க்குக் கபீர். 1993 பம்பாய் குண்டுவெடிப்பு பற்றிய 'பிளாக் ஃபிரைடே' படத்துக்குப் பியூஷ் மிஷ்ரா எழுதிய 'பந்தே'. வெறியில் ஓடுகிற மனிதனை 'நில்லப்பா' என்று தடுக்கிற பாட்டு. படம் கோர்ட்டில் சிக்கி 2007ல்தான் தியேட்டருக்கு வந்தது, பாட்டு அதற்கு முன்பே ஊரெல்லாம் சுற்றிவிட்டது. 2010ல் வந்த 'பீப்லி லைவ்' படத்தில் உருதுக் கவிஞர் நூன் மீம் ராஷித். 2015ல் வந்த 'மசான்' படத்தில் வருண் குரோவர். இப்படிப் பொறுக்கி எடுக்க எவ்வளவு படித்திருக்க வேண்டும்!

அஷீம் சக்ரவர்த்தி 2009 டிசம்பர் 25ல் காலமானார். தபலா வாசித்துக்கொண்டே உச்சத்தில் பாடுகிற மனிதர். அவர் குரல் இருக்கும் கடைசி ஆல்பத்துக்கு அந்த கரோல் பாக் வீட்டு முகவரியையே பெயராக வைத்தார்கள்: '16/330 கஜூர் ரோடு'. 2010ல் மாதம் ஒரு பாட்டாக இலவசமாகக் கொடுத்தார்கள். 2013ல் சுஸ்மித் சென்னும் விலகினார். 2014ல் வந்த 'தாண்டனு'வில் நம் செல்வகணேஷ், வயலின் குமரேஷ் எல்லாம் உண்டு. வாசிப்பு அபாரம். ஆனால் என்னைக் கேட்டால், விருந்தாளிகள் கூடக் கூட அந்த நாலு வரிக்கு உட்கார இடம் குறைந்துவிட்டது.

சரி, இதில் நமக்கு என்ன?

வெளியூரில் பிள்ளை வளர்க்கும் தமிழ் வீடுகளில் ஒரு பயம் உண்டு. பையன் இந்திப் பாட்டை முணுமுணுத்தாலே 'போச்சு, தமிழ் போச்சு' என்று மனசு அடித்துக்கொள்ளும். நமக்குத் தெரிந்த இந்தி ஆபீஸ் இந்தி, ஆட்டோக்காரரோடு மல்லுக்கட்டும் இந்தி, மேலிருந்து திணிக்கிற இந்தி. எரிச்சல் நியாயம்தான். ஆனால் இந்தப் பாட்டுகளில் இருப்பது அது இல்லை. போஜ்புரி, கபீரின் மொழி, நர்மதைக் கரைப் பேச்சு. அந்த ஒற்றை இந்திக்கு அடியில் முழுகிக் கிடப்பவை. நம் கோபத்துக்கு இவை எதிரியே இல்லை, பங்காளிகள்.

அர்த்தம் புரியாத மொழியில் பாடுவதும் நமக்குப் புதுசா என்ன? தெலுங்கு தெரியாமலே தலைமுறை தலைமுறையாகத் தியாகராஜர் கீர்த்தனை பாடுகிறோமே!

பிள்ளை கபீரைப் பாடுவதில் தமிழுக்கு ஒரு ஆபத்தும் இல்லை. பக்கத்தில் வைக்க நம் வீட்டில் ஒரு பாட்டு இல்லாமல் போவதுதான் ஆபத்து. கபீருக்கு நிகராகக் கல்லையும் சடங்கையும் கேள்வி கேட்ட சிவவாக்கியர் நம்மிடம் இருக்கிறார். நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி எல்லாம் இருக்கிறது. ஊரில் பாட்டிக்குத் தெரிந்ததில் நாலே நாலு வரி போதும். இந்தக் குழு காட்டுவது அதைத்தான். நாலு வரியை எடுத்துக்கொண்டு, யாருடையது என்று மறக்காமல், மனசாரப் பாடினால் அது இன்னொரு ஊரில் வேர் பிடிக்கும்.

முதன்முதலாகக் கேட்பவர்கள் 'மா ரேவா'வில் ஆரம்பியுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். "நம்ம ஊர் ஆத்துக்கு இப்படி ஒரு பாட்டு இருக்கா?" என்று அவர்கள் கேட்டால் பதில் தயாராக வைத்திருங்கள்.