வேடத்தை முடிவு செய்வது யார்?

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 2023 மார்ச்சில் வந்த சட்டம், பொது இடத்திலோ சிறுவர் கண்ணில் படக்கூடிய இடத்திலோ 'வயதுவந்தோர் கேளிக்கை' நிகழ்த்துவதைக் குற்றமாக்கியது. எதிர்ப்பாலின வேடமிட்டு ஆடும் 'டிராக்' கலைஞர்களைக் குறிவைத்த இந்தச் சட்டம், ஆடை களைந்து ஆடுவோரின் வரிசையிலேயே ஆண் வேடம், பெண் வேடம் போடுவோரையும் சேர்த்துவிட்டது. முதல் முறை சிக்கினால் ஓராண்டுக்குச் சற்றுக் குறைவான சிறை. மறுமுறை ஆறாண்டு வரை போகலாம்.

நிகழ்ச்சி சிறுவர்களுக்குக் கேடு விளைவிப்பதாக இருந்தால்தான் குற்றம் என்ற நிபந்தனையும் சட்டத்தில் உண்டு. 'ஹேர்ஸ்பிரே' இசை நாடகத்தில் எட்னா என்ற அம்மா வேடத்தை ஆண் நடிகரே ஏற்பது 2002 பிராட்வே மேடையேற்றம் முதல் வழக்கம். அதில் கேடு ஏதுமில்லை என்று நீதிமன்றத்தில் வாதாடி ஜெயிக்கலாம். ஆனால் வழக்கறிஞர் வைத்து வாதாட எத்தனை குழுக்களிடம் பணம் இருக்கிறது?

மெம்ஃபிஸ் நகரின் 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் ஜார்ஜஸ்' நாடகக் குழு வழக்குப் போட்டது. சட்டம் தெளிவற்றது, வரம்பு மீறியது என்று 2023 ஜூனில் நீதிபதி தாமஸ் பார்க்கர் தீர்ப்பளித்தார். 2024 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம், வழக்குப் போடும் தகுதியே குழுவுக்கு இல்லை என்று அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. சட்டம் செல்லுமா என்ற கேள்விக்குள் அது போகவே இல்லை.

சட்டம் எதைத் தடுக்கிறது என்பது இப்படித் தெளிவில்லாமல் இருக்கும்போது, வேடம் யாருக்கு என்பதை நிர்வாகிகளின் பயம் முடிவு செய்துவிடுகிறது. டென்னசி சட்டம் எட்டாத இடத்திலும் அந்தப் பயம் உண்டு. 2023 நவம்பரில் டெக்சஸின் ஷெர்மன் நகரப் பள்ளியில் 'ஓக்லஹோமா!' இசை நாடக ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. பிறப்புப் பாலினத்துக்கு ஏற்ற வேடம்தான் போடலாம் என்று நிர்வாகம் திடீரென்று சொல்ல, திருநம்பி மாணவர் ஒருவர் வேடத்தை இழந்தார். ஆண் வேடம் ஏற்றிருந்த மாணவிகளும் இழந்தார்கள். நீதிமன்ற ஆணை எதுவும் இல்லாமல் நடந்தது இது. ஊர் திரண்டு எதிர்த்த பிறகே கல்வி வாரியம் பழைய பாத்திரத் தேர்வுக்குத் திரும்பியது.

கூத்தில் திரௌபதியாக ஆண் ஆடுவதையும், 1935-இல் கே.பி. சுந்தராம்பாள் திரையில் நந்தனாராக நடித்ததையும் ஏற்றுக்கொண்ட மரபு நம்முடையது. ஸ்திரீபார்ட்டை, அதாவது ஆண் போடும் பெண் வேடத்தை, ஆபாசத்தோடு சேர்த்து எழுதும் சட்டம் எந்த ஊரில் வந்தாலும் அது மேடைக்கு விரோதமானதே.

குழு நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். அரங்க ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், பாத்திரத் தேர்வு இயக்குநரின் உரிமை என்று ஒரு வரி சேருங்கள். வயது வரம்பு அறிவிக்க நேர்ந்தால் நாடகத்தில் நடப்பதை வைத்து அறிவியுங்கள். யார் புடவை கட்டி வருகிறார் என்பதை வைத்து வேண்டாம்.